பஹீயாவின் பெயர் அச்சிட்ட பை

குஸைர்,
செப்டம்பர் 3

அன்புத் தம்பி கினாவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் மகள் தஹானியும் நல்ல சுகம். செங்கடல் நடுவில், அந்தப் பவளத்திட்டின் மேல், உன் கலங்கரை விளக்கத்தில் நீ எப்படி இருக்கிறாய்? முதுகுவலி தேவலையா? உன் கூட்டாளி அவாத் இன்னும் உப்பில்லாமல்தான் சமைக்கிறானா?

தஹானியின் நிச்சயம் முடிந்த மறுநாளே நீ படகேறிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்த விசேஷத்தைக் கேள். சம்பந்தி ஹாஜி மஹ்ரூஸ் நம் ஃபூல் பயறுக் கடைக்கு ஒரு பரிசு அனுப்பினார். அவருக்கு என்ன தொழில்? பிளாஸ்டிக் பை மொத்த வியாபாரம். வண்டி நிறையப் பைகள்! ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் "பஹீயாவின் ஃபூல்" என்று அச்சடித்திருந்தார். அண்டாவிலிருந்து பயறை எடுத்துச் சுடச்சுடப் பையில் ஊற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறேன். எல்லோரும் விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டு மாதமாக உன் அக்கா பெயர்தான் ஊர் முழுக்கத் தொங்குகிறது. உன் மைத்துனர் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஊறுகாயை அதே பையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். பையைத் தூக்கிப் போட்டுவிடாதே, பெயரைப் படித்துப் பார்.

கல்யாணம் ஜனவரியில் இருக்கும். தாய்மாமன் இல்லாமல் தேதி குறிக்க மாட்டேன்.

துஆவுடன்,
அக்கா பஹீயா

•

கலங்கரை விளக்கம்,
செப்டம்பர் 24

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதமும் ஊறுகாயும் படகோட்டி ரயிஸ் ஜுமா மூலம் பத்திரமாக வந்தன. முதுகு பரவாயில்லை. அவாத் உப்புப் போடக் கற்றுக்கொண்டான், இப்போது நிறுத்தத் தெரியவில்லை.

போன வாரம் திட்டின் கிழக்கோரம் ஓர் ஆமை ஒதுங்கியது. அவாத் கைகளை விரித்தால் எவ்வளவோ, அவ்வளவு நீளம். உயிர் இருந்தது. மூன்று நாள் அதன்மேல் தண்ணீர் ஊற்றினோம். மூழ்கப் பார்க்கும், முடியாமல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மிதக்கும். நான்காம் நாள் செத்தது. என்ன நோய் என்று தெரிந்துகொள்ள அவாத் அறுத்துப் பார்த்தான். குடலில் பிளாஸ்டிக் பை அடைத்துக் கிடந்தது. தண்ணீரில் விரிந்து மிதக்கும் பை ஜெல்லிமீன் போலத்தான் இருக்கும். இரை என்று விழுங்கியிருக்கிறது. காற்றில் பறந்து கடலுக்கு வந்ததோ, உல்லாசப் படகிலிருந்து விழுந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அக்கா, இனிமேல் ஊறுகாயை ஜாடியில் அனுப்பு. உன் பெயர் அப்படி ஊரெல்லாம் பறக்க வேண்டுமா என்றும் யோசித்துப் பார். வேறொன்றுமில்லை.

கல்யாணத் தேதியை எழுது. விடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

தஹானிக்கு என் ஸலாம்.
உன் தம்பி, கினாவி

•

குஸைர்,
அக்டோபர் 8

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். நீதான் சுகமில்லை போலிருக்கிறது. ஓர் ஆமைக்காக ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், மருமகளுக்காக ஒரு வரி! "மாமா அந்த ஆமையைத்தான் கட்டிக்கப் போறாரோ?" என்கிறாள் தஹானி. நாற்பத்தொரு வயதாகிறது, யாரையாவது கட்டிக்கொண்டால் சரி.

பைகளைத் தடை செய்து மேலிடத்து உத்தரவு இருக்கிறது, அது எனக்கும் தெரியும். சுவரில் காகிதம் ஒட்டினார்கள், ஆடு தின்றுவிட்டது. ஊர் முழுக்கக் கொடுக்கிறது, நான் மட்டும் எதற்கு நிறுத்த? ஊறுகாய் ஜாடியில் வருகிறது, சந்தோஷமா?

துஆவுடன்,
அக்கா

•

குஸைர்,
அக்டோபர் 22

கினாவி,

ஸலாம். சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அவாத் விடுப்பில் ஊருக்கு வந்தவன் நேற்றுக் காலை கடைக்கு வந்தான். உன் கூட்டாளி ஆயிற்றே என்று உட்கார வைத்து, ஃபூலும் முட்டையும் கொடுத்தேன். வீட்டுக்கும் கொண்டு போகட்டும் என்று ஒரு பை நிறைய ஊற்றி நீட்டினேன். கையில் வாங்கியவன் பையையே பார்த்தான். வாயில் வைத்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மா, இந்தப் பைதானே அது?"

"எது?"

"ஆமை வயித்துல இருந்தது. கினாவி அண்ணன் கழுவி, காயவெச்சு, தலையணைக்குக் கீழ வெச்சிருக்காரே. இதே சிவப்பு எழுத்துத்தான். உங்ககிட்ட சொல்லலியா?"

கடையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேரும் கேட்டார்கள்.

நீ ஒரு பக்கம் எழுதினாய். ஆமையின் நீளம் எழுதினாய், அது செத்த நாள் எழுதினாய். என் பெயரை மட்டும் எழுதவில்லை! நான் உன்னைக் கேலி செய்து பதில் போட்டேனே, அதைப் படித்துவிட்டும் சும்மா இருந்தாயா? அக்கா தாங்க மாட்டாள் என்று நினைத்தாயா? புருஷனைப் புதைத்த நாற்பதாம் நாள் கடையைத் திறந்தவள் நான்.

இன்று காலை முதல் பை கிடையாது. மிச்சமிருந்த கட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். கடை வாசலில் கரியால் எழுதியிருக்கிறேன்: "சட்டி கொண்டு வா. இல்லையா, இங்கேயே தின்றுவிட்டுப் போ."

அக்கா

•

கலங்கரை விளக்கம்,
நவம்பர் 6

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

ஸலாம். நீயும் தஹானியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நீ திட்டியது நியாயம். நான்கு முறை எழுதினேன், நான்கையும் கிழித்தேன். அந்தப் பை சம்பந்தி வீட்டுச் சீதனம் மாதிரி வந்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கோழைத்தனம்தான்.

அக்கா, ஹாஜி மஹ்ரூஸ் கோபக்காரர். சட்டென்று எதையும் உடைத்துவிடாதே. ஜனவரி வரை கொஞ்சம் பொறுத்துப் போகலாமே? தேதி குறித்தாயா? எழுது.

உன் தம்பி, கினாவி

•

குஸைர்,
நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கரண்டி பிடிக்கும் கை மட்டும் கொஞ்சம் ஓய்வில் இருக்கிறது. ஏனென்றால் பாதிக் கூட்டம் எதிர்க்கடை ஃபராஜிடம் போய்விட்டது. அவன் இப்போது இரட்டைப் பையில் போட்டுக் கொடுக்கிறான், என்னைப் பார்த்துக்கொண்டே.

முதல் வாரம் என்னென்ன பேச்சு தெரியுமா! "பை இல்லேன்னா உள்ளங்கையில ஊத்துவியா?" என்றான் ஒரு வண்டிக்காரன். "நீட்டு, ஊத்தறேன், சுட்டா என்னைச் சொல்லாதே" என்றேன். துறைமுகச் சுமைகூலி ஒருவன் தேநீர்க் கெண்டியோடு வந்து வாங்கிப்போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். "பயறு மூக்கு வழியா வரலியே அம்மா?" "உன் வாயை மூக்குக்கிட்ட வெச்சு உறிஞ்சு!" கடையே சிரித்தது. மறுநாள் அவன் சட்டியோடு வந்தான்.

முதலில் என் பக்கம் வந்தவர்கள் மீனவர்கள். வலை போட்டால் மீனோடு பையும், சில நாள் மீனில்லாமல் பை மட்டுமே அள்ளுகிறவர்கள். அவர்களிடம் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தகர டப்பாவோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

ஹாஜியும் வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"சம்பந்தி, ஊர்ல உங்க பேரை நான் தூக்கி நிறுத்தினேன். நீங்க என் சரக்கைக் கட்டிலுக்கடியில தள்ளிட்டீங்களாமே?"

"ஹாஜி, என் பேரை ஆமை வயித்துல இருந்து எடுத்திருக்காங்க."

"ஆமைக்கு யாரு ஃபூல் வித்தது?"

"நான்தான் வித்திருக்கேன். அதுகிட்ட காசு வாங்கல, உயிரை வாங்கிட்டேன்."

"நீங்க ஒருத்தி நிறுத்தினா கடல் சுத்தமாயிடுமா?" என்றார்.

"ஆகாது. என் பேரு சுத்தமாகும்."

போய்விட்டார். நீ பொறுத்துப் போகச் சொல்கிறாய். எனக்குப் பொறுமை இருக்கிறது தம்பி, அதை நான் அண்டாவுக்கு வைத்திருக்கிறேன்.

துஆவுடன்,
அக்கா பஹீயா

•

கலங்கரை விளக்கம்,
டிசம்பர் 4

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

ஸலாம். அவாத் திரும்பி வந்துவிட்டான். கெண்டிக் கதையைப் படித்துவிட்டு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கடற்பறவைகள் எழுந்து பறந்தன.

நீ பையை நிறுத்தியதைப் படித்தபின் எனக்கும் வெட்கம் வந்தது. எங்களுக்குக் குடிதண்ணீர் எதில் வருகிறது? பாட்டில் பாட்டிலாக, பிளாஸ்டிக் சுற்றிய கட்டுகளில். காலியானவற்றை மூட்டை கட்டி வைப்போம். ஒரு பெரிய காற்று அடித்தால் மூட்டையே கடலுக்குப் போய்விடும். போன முறை படகு வந்தபோது நான் ஒரு கட்டைக்கூட இறக்கவிடவில்லை. "அண்ணே, தண்ணி வேணாமா? செத்துப் போவீங்க!" என்று கத்தினார் ரயிஸ் ஜுமா. "பீப்பாயில கொண்டு வாங்க, வாங்கிக்கறேன்" என்றேன். பழைய மழைநீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தோம், அதில் கொஞ்சம் இருந்தது. பதின்மூன்று நாள் அளந்து குடித்தோம். அவாத் என்னைத் திட்டாத வார்த்தை இல்லை, ஆனால் ஒரு பாட்டில்கூடக் கேட்கவில்லை. பதினான்காம் நாள் பீப்பாய் வந்தது. கூடவே மேலதிகாரியின் கண்டிப்புக் கடிதமும் வந்தது. பீப்பாயை வைத்துக்கொண்டேன், கடிதத்தையும் வைத்துக்கொண்டேன்.

அக்கா, மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். கல்யாணத் தேதி என்ன? போன கடிதத்தில் தஹானியின் பெயரே இல்லை.

உன் தம்பி, கினாவி

•

குஸைர்,
டிசம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. உனக்குக் கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், முழங்கையில் தைத்திருக்கிறேன். ஊறுகாய் இந்த முறை எலுமிச்சை. தண்ணீருக்காக உயிரை விட்டுவிடாதே, பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டும். தஹானி நன்றாக இருக்கிறாள். காலையில் என்னோடு கடையில் நிற்கிறாள். கடை பரவாயில்லை.

வேறு விசேஷம் எதுவும் இல்லை.

துஆவுடன்,
அக்கா

•

குஸைர்,
டிசம்பர் 18

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை அம்மாவுக்குத் தெரியாமல் ரயிஸ் ஜுமாவிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். அம்மா உங்களுக்கு எழுதியதை நான் பார்க்கவில்லை. ஆனால் "விசேஷம் எதுவும் இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள். கல்யாணம் இல்லை, மாமா.

நடந்தது இதுதான். போன மாதக் கடைசியில், எனக்கு நிச்சயித்த ஷிஹாபின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இனிமையாகத்தான் பேசினார்கள். "கல்யாணம் முடியிற வரைக்கும் பையில போட்டுக் கொடுங்க பஹீயா. அதுக்கப்புறம் உங்க இஷ்டம். இல்லேன்னா எங்க வீட்டு ஆம்பளை நாலு பேர் முன்னால தலை நிமிர முடியாது." சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை. நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால், கட்டிலுக்கடியிலிருந்து பைக்கட்டை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக நீவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்றே?"

"ரெண்டு மாசம்தானேடி."

மாமா, அம்மா யாரிடமும் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. அப்பா இறந்தபோது கடையைக் கேட்டு வந்த பெரியப்பாவையே கரண்டியைக் காட்டித் துரத்தியவர்கள். எனக்காகத் தரையில் உட்கார்ந்து அந்தப் பையை நீவிக்கொண்டிருந்தார்கள். தலைகூட நிமிரவில்லை.

நிச்சயத்துக்குப் போட்ட வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றி ஒரு துணியில் கட்டினேன். தனியாகவே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஷிஹாபும் அவன் அப்பாவும் முற்றத்தில் இருந்தார்கள்.

"ஒரு பைக்காகவா தஹானி?" என்றான் ஷிஹாப்.

"ஒரு பைக்காகத்தான். எங்கம்மா அதை விட்டுட்டாங்க. உங்கப்பாவால விட முடியல. நீ என்ன நினைக்கிறே? அதை மட்டும் சொல்லு, நான் இப்பவே இதைத் திரும்பப் போட்டுக்கறேன்."

அவன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். என்ன நினைக்க வேண்டும் என்று அங்கே தேடினான். அது எனக்குப் போதுமாக இருந்தது. துணியைத் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் அழுதேன், பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பைக்கட்டை அம்மா மடியிலிருந்து பிடுங்கினேன். அம்மா என்னை அறைந்தார்கள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அவர்கள் அழுதார்கள்.

தன்னால்தான் என் வாழ்க்கை போயிற்று என்று அம்மா நினைக்கிறார்கள். நீங்கள் எழுதினால் கேட்பார்கள்.

உங்கள் தஹானி

•

கலங்கரை விளக்கம்,
ஜனவரி 5

அக்காவுக்கும் தஹானிக்கும்,

ஸலாம். இந்தக் கடிதத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

அக்கா, தஹானி எனக்கு எழுதினாள். அவளைக் கோபிக்காதே. நீ என்னிடம் மறைத்ததற்காக நானும் உன்னைக் கோபிக்க முடியாது, முதலில் மறைத்தவன் நான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இவள் வாழ்க்கையை நீ கெடுக்கவில்லை. நாளைக்கு வேறொரு விஷயம் வரும்போதும் அப்பா முகத்தைப் பார்க்கிறவனோடு இவள் என்ன செய்திருப்பாள்? இவள் தன் கையால் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். யாரும் பறிக்கவில்லை.

பிப்ரவரி நடுவில் எனக்கு விடுப்பு கிடைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் காரணம் கேட்டார்கள். "அக்கா கடையில் ஆள் தேவை" என்று எழுதினேன்.

கினாவி

•

குஸைர்,
பிப்ரவரி 2

அன்புத் தம்பி கினாவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

உன் கடிதத்தைத் தஹானி உரக்கப் படித்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிச்சப் பைகளை உரச் சாக்கில் போட்டுத் தைத்து ஹாஜி கடை வாசலில் நானே இறக்கிவிட்டு வந்தேன். சந்தையே பார்த்தது. அவர் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

அதற்குப் பின் யாரோ என்மேல் புகார் கொடுத்தார்கள். கண்ட கண்ட பாத்திரத்தில் சாப்பாடு போடுகிறாளாம், ஊருக்கு நோய் வருமாம். சுகாதார ஆய்வாளர் ஒருவர் பேரேட்டோடு வந்தார், சின்ன வயது, கூச்ச சுபாவம். காலை நேரம், வரிசையில் முப்பது பெண்கள் இருந்தார்கள். அவர் புகாரைப் படித்ததும் நான் வரிசையைப் பார்த்து, "உங்க சட்டி அழுக்காம்!" என்றேன். அவ்வளவுதான், நான் மேற்கொண்டு வாயே திறக்கவில்லை.

"எவன் எழுதினான்? அவன் வீட்டு அடுக்களையைக் காட்டச் சொல்லுங்க!"

"தம்பி, என் சட்டியில முகம் பார்த்து நீங்க மீசையே திருத்திக்கலாம். இந்தாங்க, பாருங்க!"

முப்பது சட்டிகள் அவர் மூக்குக்கு முன்னால் வந்தன. அவர் ஒவ்வொன்றையும் முறைப்படி பார்த்தார், என் அண்டாவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பேரேட்டில் "குறை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "நாளைக்கு என் மனைவி சட்டியோட வருவா, கொஞ்சம் நல்லதாப் போடுங்க" என்றார்.

ஃபராஜ் இன்னும் பையில்தான் கொடுக்கிறான். அவன் கடையில் இன்னும் கூட்டம் அதிகம்தான். ஊர் மாறிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். காற்றடித்தால் முள்வேலியில் பை படபடக்கிறது. அதில் என் பெயர் இல்லை, அவ்வளவே.

இனி நீ கேட்காத ஒரு விஷயம். போன வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம். வரிசையில் பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ ஆளாக ஷிஹாப் நின்றான். கையில் புது அலுமினியச் சட்டி, கடையில் ஒட்டிய விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. சந்தையின் அந்தப் பக்கம் அவன் அப்பா தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கரண்டியை எடுக்கப் போனேன், தஹானி கொடுக்கவில்லை.

அவன் முறை வந்தது. சட்டியை நீட்டினான். எல்லோருக்கும் போடுகிற அளவே போட்டாள். சீரகம் தூவினாள், எலுமிச்சை பிழிந்தாள்.

"தஹானி, நான் அன்னிக்கே..." என்று தொடங்கினான்.

"எண்ணெய் அதிகமா வேணுமா, கம்மியா?"

அவன் விழித்தான். "அதிகமா" என்றான்.

ஊற்றினாள். அவன் இன்னும் ஏதோ சொல்ல நின்றான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து, சந்தைக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

"அடுத்தது யாரு?"

சனிக்கிழமையும் வந்தான். ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். இன்று காலையும் அதே சட்டியோடு நின்றான், தினமும் எண்ணெயைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கரண்டியைக் காட்டுவாள், என் மகளாயிற்றே.

பதினைந்தாம் தேதிப் படகில் நீ வருவதாக ரயிஸ் ஜுமா சொன்னார். நேராகக் கடைக்கு வா. வரிசையின் கடைசியில் நில். தம்பி என்பதற்காக முன்னால் விடமாட்டேன்.

வழிப் பயணம் நலமாக அமைய துஆ செய்யும்,
அக்கா பஹீயா